பொறி தெறிக்கும் வேளை

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதத்தில் நல்லதொரு வினாவை விடுத்திருக்கிறார். அவருடைய பேரனார் வைத்திருக்கும் பழைய மொறிஸ் மைனர் கார் நடுவழியில் நின்றுபோனால், ஊரிலுள்ள மெக்கானிக் சைக்கிளில் வந்திறங்கி, அரைமணி நேரத்துள் அதனை ஓடச்செய்துவிடுகிறாராம். தந்தையார் வாங்கிய யப்பான் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தாலோ, அதே மெக்கானிக் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் கொம்பியூட்டர் பிடிச்சுப் பார்க்க வேணும்" என்று கூறி அனுப்பிவிடுகிறாராம். "இரண்டும் பெற்றோலில் ஓடுவன; இரண்டுக்கும் சில்லு நான்கே; அப்படியிருக்க இடையில் நடந்ததுதான் என்ன?" என்று கேட்கிறார் அம்மாணவர்.

இவ்வினாவுக்கு விடைகூறப் புகுவோர் இரு திறத்தர். 'அந்தக் காலத்து இரும்பு அல்லவா!' என்று பெருமூச்சு விடுவோர் ஒரு சாரார். வேகத்தையும் எண்ணெய்ச் சிக்கனத்தையும் எடுத்தோதி, பழையது யாவும் அருங்காட்சியகத்துக்கு உரியது என்போர் மறு சாரார். இருவரும் உண்மையில் ஒரு பாதியையே பேசுகின்றனர் என்பது எம் எண்ணம். யந்திரத்தின் உடலில் நேர்ந்த மாற்றத்தினும், அதனுள்ளே முடிவு செய்பவர் யார் என்பதில் நேர்ந்த மாற்றமே பெரிது. இதனை விளக்க ஒரேயொரு செய்தியைப் பற்றிக்கொண்டு செல்வோம். யந்திரத்தினுள் தீப்பொறி எந்தக் கணத்தில் தெறிக்கவேண்டும் என்பதே அச்செய்தி.

உடலைப் பற்றிச் சுருங்கக் கூறிவிடலாம். நான்கு அடிப்பு யந்திரத்தை ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஒற்றோ 1876இல் ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸ் 1886இல் தம் மூன்று சில்லு வண்டிக்கு ஆக்கவுரிமை பெற்றபோது, அதிலிருந்த ஒற்றைச் சிலிண்டர் ஒரு குதிரைவலுவைக்கூடத் தரவில்லை. உள்ளிழுத்தல், நெருக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புகளும் அன்று எவ்வாறு நிகழ்ந்தனவோ அவ்வாறே இன்றைய பெற்றோல் காரிலும் நிகழ்கின்றன. பிஸ்ரன் அதே பிஸ்ரன்தான். வால்வு அதே வால்வுதான். பென்ஸ் இன்று உயிர்பெற்று வந்து ஒரு புதிய யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், இரும்புப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை உடனே இனங்கண்டுகொள்வார். அவர் திகைத்து நிற்கப்போவது ஓரத்தில் வயர்கள் கூடிச்சேரும் அந்தச் சிறு பெட்டியின் முன்னேதான்.

இனிப் பொறிக்கு வருவோம். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் நான்கு சிலிண்டர் யந்திரமொன்றில் ஒரு வினாடிக்கு நூறு பொறி தெறிக்கவேண்டும். பெற்றோல் ஆவி தீப்பற்றினாலும் அத்தீ சிலிண்டர் எங்கும் பரவச் சிறிது நேரம் எடுக்கும். ஆதலால் பிஸ்ரன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னதாகவே பொறி தெறித்தாக வேண்டும். யந்திரத்தின் வேகம் கூடக்கூட, அம்முன்னேற்பாடும் கூடவேண்டும். ஊஞ்சல் ஆட்டுபவரைக் கவனித்தோர் இதனை எளிதில் உணர்வர். ஊஞ்சல் திரும்பும் கணமறிந்து தள்ளினால் சிறு கையும் பெரிய ஆளை ஆட்டிவிடும். கணம் தவறினால் தள்ளியவர் கைதான் நோகும். பொறி பிந்தினால் வலுக் குன்றி யந்திரம் சூடேறும். அளவுக்கு மிஞ்சி முந்தினாலோ, எரியாமல் எஞ்சிநிற்கும் ஆவி நெருக்கத்தையும் வெப்பத்தையும் தாங்காது தானாகவே வெடித்து, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஓசையெழுப்பும். இதனையே நம் சாரதிமார் 'எஞ்சின் தட்டுது' என்பர். நெடுநேரம் தட்டவிட்டால் பிஸ்ரன் உடையவும் கூடும்.

1908இல் வெளிவந்த ஃபோர்ட் ரி மாதிரிக் காரில் இக்கணத்தைத் தீர்மானித்தவர் சாரதியே. வண்டியைத் திருப்பும் வளையத்தின் கீழே இடப்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. ஏற்றத்தில் பொறியைப் பிந்தச் செய்யவும், சமநிலத்தில் முந்தச் செய்யவும் அவர் அதனைக் கையால் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். அதனை முந்திய நிலையில் மறந்து விட்டுவிட்டு முன்னே சென்று கைப்பிடியைச் சுற்றினால், யந்திரம் எதிர்ப்புறமாக உதைத்துச் சுற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். அக்காலச் சாரதிக்குக் காதும் கையும் கண்ணுக்கு நிகரான உறுப்புகளாயிருந்தன.

பின்னர் அவ்வேலையைச் சாரதியிடமிருந்து ஒரு கருவி வாங்கிக்கொண்டது. நம் மாணவரின் பேரனார் காரில் இருப்பது அதுவே. டிஸ்ரிபியூற்றர் எனப்படும் அக்கருவியினுள்ளே இரு சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடும்போது அவை விரிந்து பொறியை முன்னே தள்ளுகின்றன. யந்திரம் காற்றை உறிஞ்சும் வலிமையால் இழுபடும் மெல்லிய சவ்வொன்றும் துணைசெய்கிறது. சாரதியின் கை ஓய்ந்தது. ஆனால் மெக்கானிக்கின் கை ஓயவில்லை. டிஸ்ரிபியூற்றருக்குள் ஓயாமல் திறந்து மூடும் 'பொயின்ற்' தேய்ந்துபோகும். மொறிஸ் மைனரில் அதன் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்குக்குள் இருத்தல் வேண்டும். அரத்தாள் கொண்டு அதனைத் துலக்கி, தகட்டுமானியால் இடைவெளியை அளந்து, டிஸ்ரிபியூற்றரின் உடலை ஒரு மயிரிழை இப்புறமோ அப்புறமோ திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டு, 'இப்ப சரி' என்று நிமிர்வாரே மெக்கானிக், அந்த 'இப்ப சரி' என்பதிலேதான் அவருடைய கல்வி முழுதும் அடங்கியிருந்தது.

இக்கல்வியின் பெறுமதியை யாழ்ப்பாணத்தார் அறிந்த அளவு வேறெவரும் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், அதற்கு முன்னர் வந்திறங்கிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் இலங்கை எங்கணும் பரம்பரைச் சொத்துகள்போலப் பேணப்பட்டன. 1990இல் போர் மறுபடியும் மூண்டு, வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. நாம் பாடசாலைச் சிறுவராயிருந்த காலம் அது. ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியில் கார் ஒன்று சென்று மறைந்தபின்பும் குப்பிவிளக்கின் மணம் வெகுநேரம் நிற்கும். பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரும், காயமுற்றோரும் ஆசுபத்திரிக்குச் சென்றது அந்த மணத்தோடுதான்.

அஃது எவ்வாறு இயன்றது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவேதான் முதலில் பெற்றோல் தேவைப்பட்டது. மொறிஸ் மைனரில் புகை வெளியேறும் குழாயும் கலவை உட்செல்லும் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், யந்திரம் சூடேறியபின் அவ்வெப்பமே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவிற்று. மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குறையும் உண்டு. நெருக்கினால் அது பெற்றோலைவிட மிக விரைவாகத் தானே வெடித்துவிடும். அதாவது யந்திரம் தட்டும். ஆனால் பழைய யந்திரம் கலவையை அதிகம் நெருக்குவதில்லை. 1952ஆம் ஆண்டின் 803 கன சென்ரிமீற்றர் மைனரில் நெருக்கல் விகிதம் 7.2 மாத்திரமே. போதாததற்கு, டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தால் தட்டல் இன்னும் தணியும். காபரேற்றரின் அடியிலுள்ள திருகைத் திருப்பிக் கலவையைக் கூட்டிக் குறைக்கலாம். இவை யாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. கைக்கு அடங்கும் அளவில் இருந்தன.

இவ்வித்தைக்கு முன்னோடியும் உண்டு. வயல்களில் உழுத சிறிய ஃபேர்கசன் உழவு யந்திரத்தில், மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடும் வகையொன்று 1949இல் வந்தது. அதனையும் பெற்றோலில் தொடக்கிச் சூடேறியபின் மாற்றவேண்டும். ஆனால் அதனை அவ்வாறு ஓடும்படி வடிவமைத்தவர்கள் இங்கிலாந்தின் பொறியியலாளர். மைனரையும் கேம்பிரிட்ஜையும் அவ்வாறு ஓடச்செய்தவர்கள் நம்மூர்ப் பட்டறைக்காரர்.

மண்ணெண்ணெய் ஓட்டத்தைக் கொண்டாடிப் பேசுவோர் அதன் விலையையும் கூறவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். வளையமும் சிலிண்டரும் விரைந்து தேயும். வீதியில் நின்றோர் சுவாசித்த புகையைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. வேறு வழியின்மை செய்வித்த வேலை அது.

புகை என்றதும் கதையின் மறுபாதி தொடங்குகிறது. புதிய காரில் கணினி புகுந்தது ஆடம்பரத்துக்காக என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, அதனை உள்ளே அழைத்துவந்தது புகையே.

நெருக்கல் விகிதம் கூடினால் ஒரே அளவு பெற்றோலிலிருந்து கூடிய வேலை பெறலாம் என்பது ஒற்றோ காலந்தொட்டே தெரிந்த செய்தி. காற்று மட்டுமே வேலைசெய்வதாகக் கொள்ளும் ஏட்டுக் கணக்கின்படி, விகிதம் 4 ஆயின் வெப்பத்தில் நூற்றுக்கு 43 பங்கு வேலையாகலாம். 7 ஆயின் 54. 11 ஆயின் 62. உயர்தரப் பௌதிகவியல் மாணவர்கள் இதனைத் தாமே செய்துபார்க்கலாம். மெய்யான யந்திரம் இதில் ஏறக்குறையப் பாதியையே தரும் என்பதையும் மனத்திற்கொள்க. ஆயினும் விகிதத்தைக் கூட்டினால் யந்திரம் தட்டும், அதுவே தடை. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு சேர்வையைப் பெற்றோலில் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. புகையோடு வெளிவந்த ஈயம் வீதியோர மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் படிந்து, அவர்களின் அறிவு வளர்ச்சியைக் குன்றச்செய்தது. ஈயம் நஞ்சு என்பது முன்னரே தெரிந்திருந்தும் பல பத்தாண்டுகள் அது விற்கப்பட்டது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. உலகில் இறுதியாக அல்ஜீரியா அதனை நிறுத்தியது 2021இல். பழைய கார்களின் அழகை வியக்கும்போது, அவற்றின் புகைக்குழாய் மட்டத்திலேயே மூக்கிருந்த சிறுபிள்ளைகளையும் நாம் மறத்தல் ஆகாது.

அமெரிக்கா 1970இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிற்று. அதன் விளைவாக 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களின் புகைக்குழாயில், பிளாற்றினம் பூசிய தேன்கூடு போன்ற ஊக்கிப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. ஈயம் பட்டால் பிளாற்றினம் செயலற்றுவிடும்; ஆகவே ஈயம் விலகவேண்டியதாயிற்று. அடுத்து வந்த ஊக்கிக்கு வேலை மூன்று. காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் எரித்துத் தூய்மையாக்க அதற்கு ஒட்சிசன் வேண்டும். நைதரசனின் ஒட்சைட்டுகளை உடைப்பதற்கோ ஒட்சிசன் மிகுந்திருத்தல் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய ஒரேயொரு வழிதான் உண்டு: ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று என்னும் அளவை விட்டுக் கலவை விலகாதிருத்தல். காபரேற்றரால் இவ்வளவு நுட்பத்தைக் காக்க இயலாது. எனவே புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணரி வந்தது. பொஷ் நிறுவனம் 1976இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வுணரி சொல்வதைக் கேட்டுப் பெற்றோலை அளந்து தெளிக்கும் ஊசிகள் காபரேற்றரின் இடத்தைப் பிடித்தன. கேட்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஒரு மூளை வேண்டியிருந்தது. அதுவே அந்தச் சிறு பெட்டி.

உள்ளே வந்த மூளை சும்மா இருக்குமா? பொறியையும் தன் வசப்படுத்திக்கொண்டது. இன்று டிஸ்ரிபியூற்றர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒவ்வொரு கொயில் அமர்ந்திருக்கிறது. யந்திரத்தின் உடலில் ஓர் உணரி காதை வைத்துக்கொண்டிருக்கிறது. மெல்லிய தட்டல் கேட்டதும், மனிதக் காதுக்கு எட்டுமுன்னரே, கணினி பொறியைச் சில பாகை பிந்தச்செய்து, தட்டல் நின்றதும் மெல்லமெல்ல முன்னே கொண்டுவருகிறது. ஃபோர்ட் காரின் சாரதி நெம்புகோலால் செய்த அதே வேலைதான். அவர் ஓர் ஏற்றத்துக்கு ஒரு முறை செய்ததை இது வினாடிக்குப் பல முறை செய்கிறது.

இதனால் விளைந்த பயனைக் குறைத்து மதிப்பிட எம்மால் முடியாது. 1956இல் வந்த மைனர் 1000இன் யந்திரம் 948 கன சென்ரிமீற்றர். அது தந்த வலு 37 குதிரை. இன்று நம் வீதிகளில் மலிந்து காணப்படும் சுசுக்கி வகன் ஆர் காரின் யந்திரமோ 658 கன சென்ரிமீற்றரே; தருவது 52 குதிரைவலு. அளவுமுறைகளில் சிறு வேற்றுமை உண்டு. புதியது வேகமாகச் சுழல்வதும் ஒரு காரணம். எனினும் நெருக்கல் விகிதம் 7இலிருந்து 11ஐ எட்டியும் யந்திரம் தட்டாதிருப்பது அந்தக் காதும் மூளையும் இருப்பதனாலேயே. மஸ்டா நிறுவனம் 2011இல் 14 என்னும் விகிதத்தைக்கூடப் பெற்றோல் காரில் கொண்டுவந்துவிட்டது. வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கை வேலையாக்கும் பெற்றோல் யந்திரத்தை ரொயோட்டா நிறுவனம் 2015ஆம் ஆண்டுப் பிறியஸில் வைத்தது. 1997இல் தோன்றிய அக்கலப்பினக் காரில், யந்திரம் இப்போது ஓடத்தான் வேண்டுமா என்பதையும் கணினியே தீர்மானிக்கிறது. சந்தியில் நிற்கும்போது அது அணைந்துவிடுவதைக் கண்டு, 'கார் நின்றுபோச்சுதோ' என்று பதறிய முதியோரை நாம் அறிவோம்.

இழந்தது யாது? 2022இல் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டபோது, பலர் மண்ணெண்ணெய்க் காலத்தை நினைத்துக்கொண்டனர். மண்ணெண்ணெயும் அரிதாயிருந்தது வேறு கதை. கிடைத்திருந்தாலும் புதிய கார் அதனை ஏற்றிராது. 11 என்ற நெருக்கலில், பொறியைக் கணினி எவ்வளவு பிந்தவைத்தாலும் தட்டல் அடங்காது. தெளிக்கும் ஊசியும் ஒட்சிசன் உணரியும் ஊக்கியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். பழைய யந்திரம் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தது. ஆகவே அரைகுறையானவற்றையும் சகித்துக்கொண்டது. புதியது ஒன்றைச் செவ்வனே செய்கிறது. அந்த ஒன்றன்றிப் பிறிதை அறியாது.

இனி மாணவரின் மெக்கானிக்குக்கு வருவோம். அவர் அறியாதவர் என்று நாம் கூறமாட்டோம். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் பழுதறியும் பொது இணைப்பொன்று இருத்தல் வேண்டும் என விதியாயிற்று. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. அதிற் செருகிப் படிக்கும் கருவி இன்று பெருவிலை உடையதன்று. ஆனால் அது காட்டுவது நோயின் குறியையே அன்றிக் காரணத்தை அன்று. 'பி 0171' என்று காட்டினால், கலவையில் பெற்றோல் போதவில்லை என்பது மாத்திரமே பொருள். இறப்பர்க் குழாயில் வெடிப்பா, காற்றை அளக்கும் உணரியில் தூசியா, பெற்றோல் பம்பில் சோர்வா என்பதைத் தேடிக் காணவேண்டியவர் மனிதரே. குறியைப் படித்தவுடன் விலையுயர்ந்த உணரியை மாற்றிவிட்டு, அடுத்த வாரம் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்ததும் இன்னொன்றை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உள. பொயின்ற்றைத் துலக்கிப் பழகிய கைக்கு, குழாயில் காற்று இரையும் ஓசையைக் கேட்டறிவது பெரிய காரியம் அன்று. அவருக்கு வேண்டுவது அக்கருவியும், அதனைப் பயன்படுத்தப் பழக்கும் சில மாதப் பயிற்சியுமே. இதிற் குறைசொல்ல வேண்டியவர் வேறிருக்கிறார். பொதுக் குறிகளுக்கு அப்பாலுள்ள விவரங்களையும், புதிய பகுதியொன்றைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளையும், தம் முகவரன்றிப் பிறர் எளிதில் பெறாவண்ணம் பூட்டிவைக்கும் உற்பத்தியாளர்களைத்தான் சொல்கிறோம். புகைக்காகக் கணினி வேண்டியிருந்தது. பூட்டு எதற்காக வேண்டியிருந்தது?

கடிதத்தின் ஓரத்தில் மாணவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: பேரனாரின் காருக்கு விலைகூடிய 95 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் நல்லதா? வேண்டியதில்லை. ஒக்ரேன் எண் என்பது தட்டலைத் தாங்கும் வன்மையேயன்றி வலுவின் அளவன்று. மைனரின் நெருக்கலுக்கு 92 தாராளமாகப் போதும். மிஞ்சும் பணத்தை வேறொன்றுக்குச் சேர்த்துவைக்கலாம். அக்காரின் வால்வுகள் வந்து அமரும் இடம் மென்மையான வார்ப்பிரும்பு. முன்னர் பெற்றோலிலிருந்த ஈயமே அதற்குக் கவசமாயிருந்தது. அடுத்த முறை எஞ்சின் தலையை இறக்கும்போது, புகை வெளியேறும் வால்வுகளுக்குக் கடினமான உருக்கு வளையங்களைப் பதிக்கச் சொல்லவும். கடைச்சல் பட்டறை உள்ள ஊரில் அது செய்யக்கூடிய வேலைதான்.